கையில் எவ்வளவு வரும் என்பதை முதலில் சொல்லுங்கள்

இணையச் சந்தைத் தளங்களை நடத்தும் நிறுவனங்களில் விற்பனையாளர் பிரிவைக் கவனிப்பவர்களுக்கு,

வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பத்தமடையில் கோரைப் பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் கைத்தறிச் சேலை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் என்று இந்தப் பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சரக்கு உண்டு. அவற்றைச் செய்கிறவர்களில் பலர், பெரும்பாலும் பெண்கள், இப்போது உங்கள் தளங்களில் கடை திறந்திருக்கிறார்கள். திறப்பதில் பெரிய சிரமம் இல்லை. பான் கார்டு, வங்கிக் கணக்கு, செல்போன் எண், நாலு நல்ல போட்டோ இருந்தால் போதும், மற்றதை வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆர்டரும் வருகிறது. பணம் வரும் நாளில்தான் குழப்பம் தொடங்குகிறது.

"அண்ணாச்சி, நாலு பாய் வித்தது மூவாயிரத்தி அறுநூறு. பேங்குல ஆயிரத்துச் சொச்சந்தான் ஏறியிருக்கு. மிச்சம் எங்க போச்சு?"

புதிதாகக் கடை திறந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு மாதத்தில் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மிச்சத்தில் ஒரு பகுதி கட்டணமாகப் போய்விட்டது, அது திரும்பி வராது. இன்னொரு பகுதி எங்கும் போகவில்லை, வர வேண்டிய நாள் வரவில்லை, அவ்வளவுதான். போன பணத்தையும் வரப்போகும் பணத்தையும் உங்கள் திரை ஒன்றாகக் கலந்து காட்டுகிறது. முதல் முறையாக விற்கும் ஒருவருக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் இந்த மடலை எழுதுவது அதற்காகத்தான்.

நீங்கள் கமிஷன் வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரரும் கமிஷன் பிடிக்கிறார். விவசாயி மூட்டையை இறக்கி, ஏலம் முடிந்ததும் கையில் ஒரு சீட்டு கிடைக்கும். எடை, விலை, கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை, முன்பு வாங்கிய அட்வான்ஸ் இருந்தால் அது, கடைசியில் கோடு போட்டு 'நிகரம்', அதாவது கையில் வரும் தொகை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தக் கோட்டுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டச் சொல்வார். தொகை பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நின்று கேட்பார். அந்த ஒரு சீட்டை உங்களால் தர முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

பாயை எடுத்துக்கொண்டு கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் போட்டுக் காட்டுகிறேன். இதில் வரும் கட்டண எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, தளத்துக்குத் தளம், சரக்குக்குச் சரக்கு மாறும். ஆனால் கட்டணங்களின் வகை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆறடிக்கு மூன்றடி சாதாரணக் கோரைப் பாய், விற்கும் விலை 900 ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 12 என்றால் 108 ரூபாய். ஆர்டர் ஒன்றுக்கு நிலையான கட்டணம் 30 ரூபாய். அப்புறம் அனுப்பும் செலவு. இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பாயைத் தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோ சொச்சம். அதனால் இரண்டு கிலோவுக்கு உள்ள கட்டணம்தான் வரும் என்று நினைக்கிறார்கள். ஆனால் சுருட்டிக் கட்டிய பாய் 95 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம் இருக்கிறது. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர் தொழிலில் பரவலாக உள்ள வழக்கம். 95 × 14 × 14 என்றால் 18,620. வகுத்தால் 3.72 கிலோ. நிஜ எடை, இந்த இட எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், அதையும் மேல்நோக்கி முழுமையாக்கி 4 கிலோ. இரண்டு கிலோவுக்கு 100 ரூபாய் என்று எதிர்பார்த்த இடத்தில் 160 ரூபாய்.

லாரியில் இடத்தை அடைக்கும் சரக்குக்கு இடத்துக்கு ஏற்ற கூலி வாங்குவது நியாயம்தான். ஆனால் விற்பவர் விலை போடும்போதே அது அவருக்குத் தெரிய வேண்டும். பாயை இரட்டையாக மடித்து இறுக்கிச் சுருட்டினால் அளவு எப்படி மாறுகிறது என்று அவரே பார்த்து முடிவு செய்வார். மெல்லிய இழையில் நெய்த நயம் பாயைச் சிறு சுருளாக்கிவிடலாம், விலையும் ஆயிரக்கணக்கில், அதற்கு இந்தக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. அன்றாடம் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாய்தான் இடத்தையும் அடைக்கிறது, விலையும் குறைவு. ஆகவே சுமை முழுதும் அதன் மேல் விழுகிறது.

சரி, மேலே சொன்ன மூன்றையும் கூட்டுங்கள்: 108, 30, 160. மொத்தம் 298 ரூபாய். முடிந்ததா என்றால் இல்லை. உங்கள் கட்டணம் ஒரு சேவைக் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 298-க்கு 53 ரூபாய் 64 காசு. ஆக 351 ரூபாய் 64 காசு போய், கையில் வருவது 548 ரூபாய் 36 காசு. கோரை, பாவு நூல், சாயம், நெய்த கூலி, கட்டும் சாக்கு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

அந்த 18 சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தொழிலுக்காகத் தான் ஏற்கெனவே கட்டிய வரியாகக் காட்டித் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அந்த வழி கிடையாது, அது நேராகச் செலவு. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு என்ரோல்மெண்ட் எண் மட்டும் வாங்கிக்கொண்டு, தமிழ்நாட்டுக்குள் உங்கள் தளங்கள் மூலம் பொருள் விற்கலாம். நல்ல ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பலர் அதன் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் கட்டணப் பட்டியலில் 'வரி தனி' என்று சிறிய எழுத்தில் போட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி 12 சதவீதம் என்று காட்டுகிறீர்கள். பதிவு இல்லாதவருக்கு அந்தப் பன்னிரண்டு உண்மையில் பதினாலே கால் போல ஆகிவிடுகிறது. அவருடைய பதிவு நிலை உங்களுக்கு முதல் நாளே தெரியும். அவருக்கு வரியோடு சேர்த்த தொகையைக் காட்டுவதில் என்ன தடை?

விலை குறைந்த சரக்கின் நிலைமை இதைவிட மோசம். 90 ரூபாய் அப்பளப் பொட்டலம் ஒன்றுக்கு அனுப்பும் செலவு 50, நிலையான கட்டணம் 10 என்று வைத்தால், வரியோடு 70 ரூபாய் 80 காசு. மிச்சம் 19 ரூபாய் 20 காசு. உளுந்து விலைகூடத் தேறாது. கமிஷனே கிடையாது என்று விளம்பரம் செய்யும் தளத்திலும் இதே கணக்குதான், ஏனென்றால் நான் இதில் கமிஷனைச் சேர்க்கவே இல்லை. ஐந்து பொட்டலத்தை ஒரே கட்டாக விற்றால்தான் இது ஓடும். அதை அவர் இருபது பொட்டலம் அனுப்பிய பிறகு கண்டுபிடிப்பதா, பொருளைத் தளத்தில் போடும் அன்றே தெரிந்துகொள்வதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ரிட்டர்ன் கணக்கு வந்தால் பலர் கடையையே மூடிவிடுகிறார்கள். வாங்கியவர் பாயைத் திருப்பி அனுப்புகிறார், அவருடைய 900 ரூபாய் அவருக்குப் போகிறது, சரி. கமிஷனையும் நிலையான கட்டணத்தையும் நீங்கள் திருப்பித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதுவும் சரி. ஆனால் போன செலவும் வந்த செலவும் விற்பவர் தலையில் விழும் தளமாக இருந்தால் 160-ம் 160-ம் 320, வரியோடு 377 ரூபாய் 60 காசு. முதல் ஆர்டரே ரிட்டர்ன் ஆனால் கணக்கில் மைனஸ் 377 ரூபாய் 60 காசு என்று சிவப்பு எழுத்தில் நிற்கும். கடன் வாங்காத மனுஷிக்கு அது கடன் போலத் தெரிகிறது. 'வீட்டுக்கு ஆள் வருவாங்களா அண்ணாச்சி' என்று என்னிடம் பயந்து கேட்டவர்கள் உண்டு. அடுத்த விற்பனையில் அந்தத் தொகை கழிக்கப்படும் என்று பக்கத்திலேயே ஒரு வரி தமிழில் இருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

எங்கள் சரக்கில் ரிட்டர்னுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய் திரும்பி வந்தால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. காருகுறிச்சி மண்சட்டி போகும்போது முழுதாகப் போய் வரும்போது ஓடாக வரும். இவற்றுக்கு ரிட்டர்ன் விதி என்ன, உடைந்தால் ஈடு கேட்க எத்தனை நாள், எந்தப் போட்டோ வேண்டும் என்பதை விற்பவர் தேடி அலையக் கூடாது. சரக்கின் வகையைத் தேர்ந்தெடுக்கும் அதே பக்கத்தில் அது இருக்க வேண்டும்.

இனி வரப்போகும் பணத்துக்கு வருகிறேன். மேலே கேட்ட கேள்வியில் நாலு பாய் விற்றிருந்தன. இரண்டு பாய் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் திருப்பி அனுப்பக்கூடிய ரிட்டர்ன் கெடுவும் முடிந்து, அவற்றுக்கான 1,096 ரூபாய் 72 காசு வங்கியில் ஏறிவிட்டது. மூன்றாவது போய்ச் சேர்ந்துவிட்டது, ரிட்டர்ன் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. நாலாவது இன்னும் வழியில். அந்த இரண்டுக்கும் உரிய பணம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதை நான் வெள்ளைத் தாளில் நாலு வரியாக எழுதிக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. உங்கள் திரையில் மொத்த இருப்பு என்று ஒரு எண், நிறுத்திவைத்த இருப்பு என்று ஒரு எண், அனுப்பத் தயாரான இருப்பு என்று ஒரு எண், கடைசியாக அனுப்பியது என்று இன்னொரு எண். எந்த எண்ணுக்குள் எந்தப் பாய் இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் ஆங்கிலத் தலைப்புகள் கொண்ட ஒரு எக்செல் கோப்பை இறக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் சிலது செல்போன் திரையில் ஐந்தாறு முறை பக்கவாட்டில் தள்ளினால்தான் முடிகிறது. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கே அதில் கண் வலிக்கிறது.

ரிட்டர்ன் கெடு முடியும்வரை பணத்தை நிறுத்திவைப்பது எனக்குப் புரிகிறது, வாங்குபவருக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. புதிய கடைகளுக்குக் கொஞ்சம் அதிக நாள் நிறுத்துவதும் புரிகிறது, ஏமாற்றுக்காரர்களும் புதிய கடையாகத்தான் வருவார்கள். ஆனால் கோரை வாங்க, நெசவுக் கூலி கொடுக்க சனிக்கிழமை பணம் வேண்டும். புதன்கிழமை வரும் என்று தெரிந்தால் அவர் கோரை வியாபாரியிடம் நாள் சொல்லி வாங்கிக்கொள்வார். தெரியாததால் தினவட்டிக்கு வாங்குகிறார். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் ஒரு தேதி போடுங்கள். பணம் ஏறும் நாள் இது, தள்ளிப் போனால் காரணம் இது. மொத்த இருப்பு என்ற பெரிய எண்ணை மேலே போட்டு ஆசை காட்டுவதைவிட, இந்தத் தேதியை மேலே போடுவது எவ்வளவோ மேல்.

விளம்பரச் செலவையும் சொல்லிவிடுகிறேன். 'உங்கள் பொருளை முன்னால் காட்டுகிறோம்' என்ற பொத்தானை அழுத்திய பிறகு, அந்தச் செலவு விற்ற பணத்திலேயே கழிந்துவிடுகிறது. ஒரு நாள் உச்சவரம்பு எவ்வளவு, இதுவரை கழிந்தது எவ்வளவு என்பது இருப்பு காட்டும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவு எடுத்து வெளிமாநிலத்துக்கும் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் இரண்டு பிடித்தம் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி விற்ற பணத்தில் நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். ஒன்று. அது 2018 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கி, 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம். வருமான வரிக்காக அதே பணத்தில் முன்கூட்டியே பிடிக்கும் டி.டி.எஸ். இன்னொன்று. அது 2020 அக்டோபரில் 1 சதவீதமாக வந்து, 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். தனிநபராக இருந்து, ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் இந்த இரண்டாவது பிடித்தம் கிடையாது.

இந்த இரண்டும் கட்டணம் அல்ல. விற்பவருடைய சொந்தப் பணம், அரசாங்கத்தில் அவர் பேரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. டி.சி.எஸ்.-ஐ ஜி.எஸ்.டி. தளத்தில் போய் ஏற்றுக்கொண்டால் அவருடைய ரொக்கப் பேரேட்டில் சேரும், வரி கட்டப் பயன்படும். டி.டி.எஸ்.-ஐ வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். ஆனால் உங்கள் அறிக்கையில் இவை கமிஷனுக்கும் கூரியருக்கும் நடுவில் அதே மைனஸ் குறியோடு நிற்கின்றன. ஆகவே போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். வருடக் கடைசியில் கணக்கோடு என்னிடம் வரும் கடைகளில் இந்த வரவைக் கேட்டு வாங்காமல் விட்ட கடைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். தனி நிறத்தில், தனித் தலைப்பில் 'இது உங்கள் பணம், இந்த இடத்தில் போய்க் கேளுங்கள்' என்று போட்டால் எவ்வளவு பேருக்கு உபகாரம்!

வங்கியில் ஏறிய தொகையை மட்டும் விற்பனை என்று எழுதிவிடுகிற பழக்கமும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். 40 லட்ச வரம்பும் 5 லட்ச வரம்பும் விற்ற விலையை வைத்துத்தான் கணக்கு, கைக்கு வந்த தொகையை வைத்து அல்ல. மூன்று லட்சம் வங்கியில் வந்தவர் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கலாம். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதும், குறைந்த தொகையைக் காட்டி நஷ்டப்படுகிறவர் அவர்தான்.

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில், வாங்குபவருக்கு மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரி போன்ற எல்லாக் கட்டணங்களையும் பிரித்தும் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் தளங்கள் அதைச் செய்கின்றன. வாங்குபவர் பணம் கட்டும் பக்கத்தில் விலை, டெலிவரி, தள்ளுபடி, மொத்தம் எல்லாம் அழகாக வரிசையில் வருகின்றன, தமிழிலும் வருகின்றன. அதே மென்பொருள் எழுதுகிறவர்கள்தானே விற்பவர் பக்கத்தையும் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் முடிகிறது என்றால் மறு பக்கமும் முடியும்.

நான் கேட்பது இதுதான். விலை போடும் கட்டத்துக்குக் கீழேயே கையில் வரும் தொகையைக் காட்டுங்கள், வரியோடு, பொட்டலத்தின் அளவோடு, ரிட்டர்ன் ஆனால் எவ்வளவு இழப்பு என்பதையும் சேர்த்து. கட்டணக் கால்குலேட்டர் என்று தனியாக ஒரு மூலையில் வைத்திருப்பதாகச் சொல்வீர்கள். இருக்கிறது. புதியவர் அங்கே போவதில்லை, போனாலும் பொட்டலத்தின் அளவைத் தோராயமாகத்தான் போடுகிறார். கூரியர்காரர் வேறு அளவு எடுத்து எடையை ஏற்றினால், அளந்த போட்டோவை அந்த ஆர்டரோடு சேர்த்து அனுப்புங்கள், மறுத்துக் கேட்க ஒரு வாரமாவது கொடுங்கள். கட்டணம் மாறும்போது ஆங்கில மின்னஞ்சல் போதாது. ஒரு மாதம் முன்பே தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள், 'உங்கள் பாய்க்கு இதுவரை 548 வந்தது, இனி இவ்வளவு வரும்' என்று அவருடைய சரக்கை வைத்தே சொல்லுங்கள். சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண், அதில் தமிழ் பேசும் ஆள், அவருக்கு அந்த ஆர்டரின் கணக்கைப் பார்க்கும் அதிகாரம். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் பயன்படாது. பல தடவை பேசிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சுய உதவிக் குழுக்களுக்கு ஆன்லைன் விற்பனைப் பயிற்சி நடத்தும் அரசு அலுவலர்களும் இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டோ எடுப்பதையும் கணக்குத் திறப்பதையும் அரை நாளில் முடித்துவிட்டு, மீதி அரை நாள் ஒரு பாய்க்கோ ஒரு அப்பளக் கட்டுக்கோ இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். அளவு நாடாவும் தராசும் கொண்டு வாருங்கள்.

நிறுவனங்களுக்குக் கடைசியாக ஒன்று. இதை எல்லாச் சரக்குக்கும் உடனே செய்வது கடினம் என்றால் கைவினைப் பொருள் பிரிவில் தொடங்குங்கள். மாதிரிச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பத்தமடை, காருகுறிச்சி, கல்லிடைக்குறிச்சி விற்பனையாளர்களிடம் கேட்டு, தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தர நான் தயார், அதற்குக் கூலி வேண்டாம். உங்கள் ஆட்களில் ஒருவரை ஒரு நாள் இங்கே அனுப்பினால், விற்பனையாளர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை உட்கார்ந்து நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி வட்டாரத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்